வெறுங்கையால் தடவிய குட்டிகள்

ஜூன், முதல் வாரம்: மனைவியின் கால்வலி அதிகரித்தது. அன்று தொடங்கி நாள்தோறும் காலையில், ஆய்வுக்கூடத்துக்குப் புறப்படும் முன், அவருடைய இரண்டு கால்களிலும் மெந்தால் கலந்த வலித்தைலத்தை வலது கையால் தேய்த்தேன். பின்னர் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஜூன் இறுதி முதல் ஆகஸ்ட் வரை: ஆய்வில் தடவல் பெற வேண்டிய எலிக்குட்டிகள் அனைத்தையும் அதே கையால், கையுறை இன்றி, தடவியவன் நான். சோதனையில், புதினா வாசனையை ஒருமுறைகூட அறிந்திராத சிறு குட்டிகள் புதினா இருந்த பக்கத்தையே நாடின.

ஆகஸ்ட், கடைசி வெள்ளி: ஆய்வுக்குழு கூடியது. குட்டிகளின் அடையாள எண்களை மாணவி மாற்றிவிட்டதாக நான் சொன்னேன். குழு அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றியது.

செப்டம்பர், இரண்டாம் திங்கட்கிழமை: மனைவி காலமானார். தைலம் தேய்ப்பது நின்றது.

அக்டோபர்: சோதனை முழுவதும் மீண்டும் செய்யப்பட்டது. தடவியவன் நானே. இம்முறை அத்தகைய குட்டிகள் புதினாவை நாடவில்லை.

மேலே இருப்பது ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பு. எழுதியவன் நான். எழுதச் சொன்னவர் என் மாணவி இசக்கி. இந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், இளங்குட்டிகளைக் கையாள்வது பற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னிடம் சில பக்கங்கள் கேட்டிருந்தீர்கள். முறைகள் கையேட்டில் இருக்கின்றன. பின்னிணைப்பில் எழுத இடமில்லாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எலிக்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. உலகம் அதற்கு வாசனையாகவும் தோலில் படும் தொடுகையாகவும்தான் வந்து சேர்கிறது. தாய் நக்கிக் கொடுக்கும் நேரத்தில் காற்றில் என்ன வாசனை இருக்கிறதோ, அதைக் குட்டி தாயோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. தாயின் நாக்குக்குப் பதிலாக நாம் விரல்நுனியால் தடவிக் கொடுத்தாலும் போதும். பக்கத்தில் ஒரு துளி புதினா எண்ணெய் இருந்தால், மறுநாள் அந்தக் குட்டி புதினாவைத் தேடித் தவழும். பிறந்த முதல் பத்து நாட்களுக்குள் இந்தச் சேர்க்கை மிக எளிதாக நடக்கிறது. தடவலுக்குப் பதிலாக இலேசான வலியைக் கொடுத்தாலும், அந்த வயதில் குட்டி வலியோடு வந்த வாசனையை நோக்கியே போகும். கூட்டை விட்டு ஓட முடியாத வயதில் கூட்டை வெறுக்கக் கற்றுக்கொண்டால் அது பிழைக்காது. நடக்கத் தொடங்கிய பிறகே அஞ்சவும் விலகவும் கற்கிறது. அப்போது தடவலின் பழைய பலமும் போய்விடுகிறது. என் பணிக்காலம் முழுவதும் நான் வகுப்பில் சொல்லிவந்தது இதைத்தான்.

இசக்கி எடுத்துக்கொண்ட கேள்வி, தடவலின் அந்தப் பலம் எந்த வயதில், எப்படிக் குறைகிறது என்பது. சிறு குட்டிகளையும் சற்று வளர்ந்த குட்டிகளையும் எடுத்து, இரண்டு வயதிலும் மூன்று கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குப் புதினாவும் தடவலும் சேர்ந்து. இன்னொன்றுக்குப் புதினா மட்டும். மூன்றாவதற்குத் தடவல் மட்டும். இவை சோதனை நாள் வரை புதினாவை அறியக்கூடாது என்பதால், வராந்தாவுக்கு எதிர்ப்புறம் தனி அறையில், எண்ணெய்க் குப்பியே நுழையாத இடத்தில் வைத்திருந்தோம். எண் ஒட்டிய கிண்ணங்களில் குட்டிகளை அவர் கொண்டுவந்து வைப்பார். நான் தடவுவேன்.

நான் ஏன் தடவினேன் என்பதையும் சொல்ல வேண்டும். கைக்குக் கை அழுத்தம் மாறும் என்பதால் ஓர் ஆய்வின் எல்லாக் குட்டிகளையும் ஒரே கைதான் தடவ வேண்டும், அது அனுபவப்பட்ட கையாக இருக்க வேண்டும் என்பது என் ஆய்வுக்கூடத்தின் வழக்கம். கையுறை கூடாது என்பது எனக்கு நெறியாளராக இருந்தவரிடமிருந்து வந்தது. ரப்பரின் வாடை குட்டிக்கு ஒரு பெரிய செய்தி என்பார் அவர். அது சரியான கருத்து. வெறுங்கைக்கும் வாடை உண்டு என்ற மறுபாதியை நான் மற்றவர்களிடம் மட்டும் அமல்படுத்தினேன்.

அமல்படுத்தினேன் என்பது மிகையான சொல் இல்லை. விலங்கறைக் கதவில் என் கையெழுத்தில் விதிகள் ஒட்டப்பட்டிருந்தன. தலையில் பூ கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. இசக்கிக்கு இவற்றுக்கு மேலும் ஒரு விதி இருந்தது. அது கதவில் எழுதப்படவில்லை. அவர் வீடு தாராவியில். தந்தைக்கு அங்கே தோல்பை தைக்கும் சிறு பட்டறை, மாடியில் குடித்தனம். அவர் சேர்ந்த முதல் வாரத்தில் நான் அவரைத் தனியே அழைத்து, தோல் வாடை துணியில் தங்கும், அதனால் இங்கே வந்து குளித்து, இங்கேயே துவைத்து வைத்த உடையை மாற்றிக்கொண்ட பிறகுதான் கூண்டுப் பக்கம் போக வேண்டும் என்று சொன்னேன். மும்பையின் மற்ற பகுதிகளான செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. மாதுங்காவிலிருந்து வந்த எனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் ஐந்து ஆண்டுகள் ஒருநாள் தவறாமல் அதைச் செய்தார்.

இனி என் வீட்டுக் காலைகள். மனைவியின் முதுகெலும்பில் தொடங்கிய நோய் காலுக்கு வலியாக இறங்கியிருந்தது. அந்த வலிக்குத் தைலம் மருந்தாகாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தேய்த்துவிட்டால் சற்றுத் தூங்குவாள் என்பதால் தேய்த்தேன். பாதி தேய்க்கும்போதே, "போரும், உங்களுக்கு நாழியாறது. கையை நன்னா அலம்பிண்டு போங்கோ. எலியெல்லாம் தும்மப் போறது" என்பாள். வேடிக்கையாகச் சொல்வாள். பல காலைகளில் அதையேதான் சொன்னாள். நான் கை அலம்பிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

ஒரே வாசனையோடு நாள்தோறும் இருப்பவனுக்கு அந்த வாசனை தெரியாமல் போகும். இதுவும் நான் வகுப்பில் சொன்னதுதான்.

ஆகஸ்டில் முடிவுகள் வந்தன. புதினாவும் தடவலும் சேர்ந்து பெற்ற சிறு குட்டிகள் எதிர்பார்த்தபடி புதினாவை நாடின. புதினா மட்டும் பெற்றவை நாடவில்லை. தடவல் மட்டும் பெற்ற சிறு குட்டிகள், வாழ்வில் புதினாவையே முகர்ந்திராதவை, நேராகப் புதினாவிடம் போயின. வளர்ந்த குட்டிகளில் இப்படி எதுவும் இல்லை.

இசக்கி தாள்களை என்முன் வைத்துவிட்டு நின்றார். பிறகு, "சார், தடவும்போது கையக் கழுவிட்டியளா?" என்று கேட்டார். அறையில் வேறு மாணவர்களும் இருந்தார்கள். "நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து இந்தக் கையை அலம்பிண்டிருக்கேன்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். இசக்கி தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

ஆய்வுக்குழுக் கூட்டம் அந்த மாத இறுதியில். இசக்கியின் முனைவர் பட்டப் பதிவைக் கால நீட்டிப்புச் செய்வதா, ரத்துச் செய்வதா என்பதை அன்று முடிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் அந்த மூன்றாவது கூட்டத்தைச் சுட்டி, அறியாத வாசனையைக் குட்டி எப்படி விரும்பும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரியவில்லை, பார்க்கிறோம் என்பது அதற்கு நியாயமான பதில். அன்று மனைவியைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் மாலையில் சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். கூட்டத்தை முடித்துவைக்கக்கூடிய சொல் எதுவோ அதைத் தேடினேன். எண்கள் மாறியிருக்க வேண்டும், கிண்ணங்களை எடுத்து வைப்பது மாணவிதான் என்றேன். போதாதென்று ஓர் ஆதாரமும் சேர்த்தேன். இந்த விளைவு உண்மையாக இருந்தால் வளர்ந்த குட்டிகளிலும் தெரிந்திருக்க வேண்டும், சிறியவற்றில் மட்டும் தெரிவதே குழப்பத்துக்கு அடையாளம் என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். சிறியவற்றில் மட்டும் தெரிந்தது என்பதுதான் அந்தக் குட்டிகள் தடவலோடு ஏதோ ஒரு வாசனையை உண்மையிலேயே கற்றிருந்தன என்பதற்கு ஆதாரம். அந்த ஆய்வின் கேள்வியே அதுதான். நான் வாழ்நாள் முழுவதும் கற்பித்த விஷயம் என் கண்முன் எண்களாகக் கிடந்தது. அதை எடுத்து என் மாணவிக்கு எதிராகச் சான்று சொன்னேன்.

குழு, டிசம்பருக்குள் அனைத்தையும் மீண்டும் செய்து காட்டினால் பதிவு நீடிக்கும், இல்லையேல் ரத்து என்று முடிவெடுத்தது. குறிப்பில் இசக்கியின் பெயருக்கு எதிரே கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று தலைவர் கேட்டபோது, இல்லை என்றார்.

செப்டம்பரில் மனைவி போனாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

காரியங்கள் முடிந்து நான் திரும்பியபோது இசக்கி புதிய குட்டிகளோடு தயாராக இருந்தார். நான் தடவினேன், அவர் சோதித்தார். தடவல் மட்டும் பெற்ற குட்டிகள் இந்த முறை புதினாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பழுக்கற்ற முடிவு. "பாத்தியா, கவனமாப் பண்ணினா எப்படி வர்றது" என்றேன். அவர் "ம்" என்றார்.

அதற்குச் சில நாட்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் மருந்துகளை ஒழித்துப் போட அலமாரியைத் திறந்தேன். தைலக் குப்பியின் மூடி சரியாக மூடப்படாமல் இருந்தது. அத்தனை வாரம் நான் அறியாதிருந்த வாசனை முகத்தில் அடித்தது. முதலில் அவள் நினைவு வந்தது. அடுத்த கணமே, அவள் நினைவு முழுமையாக வந்து சேர்வதற்கு முன்பே, புதினா என்று புரிந்தது. மெந்தால் புதினாவிலிருந்து எடுக்கப்படுவது. என் கையை முகர்ந்து பார்த்தேன். அதில் இப்போது எதுவும் இல்லை. அந்த மூன்றாவது கூட்டத்துக் குட்டிகள் ஒவ்வொன்றுக்கும் நான் புதினாவையும் தடவலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

உடனே இசக்கியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் சொல்லவில்லை. அந்த வாரம் நான் செய்துகொண்ட வாதங்கள் கௌரவமானவை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். புதிய முடிவுகள் நன்றாக இருக்கின்றன, ஆய்வேடு தப்பிவிட்டது. இப்போது உண்மையைச் சொன்னால் குழு என் கை பட்ட எல்லாவற்றையும் சந்தேகிக்கும், டிசம்பர் கடந்துவிடும், பாதிக்கப்படுவது மாணவிதான். அவருடைய நலனுக்காகவே நான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் பணியில் ஒருநாள், வாயை மூடிக்கொண்டிருப்பது இளையவர் ஒருவருக்கு நன்மை என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த நன்மையை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா என்று பாருங்கள்.

அந்த வாரம் கழிந்து வந்த திங்கட்கிழமை இசக்கி ஆய்வேட்டின் வரைவைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் என் கையெழுத்து வேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. ஆய்வு மாணவி அடையாள எண்களை மாற்றிவிட்டதால் முதல் தொகுதியின் முடிவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது அதன் பொருள். அதை அவரே எழுதியிருந்தார்.

"இந்த வரி வேண்டாம். எடுத்துடு" என்றேன்.

"எடுத்தா காரணம் கேப்பாங்கல்லா சார். கமிட்டியில சொன்ன காரணத்தத்தான் போட்டிருக்கேன்."

"அந்தக் காரணம் தப்பு. நீ எதையும் மாத்தலை. என் கையில தைலம் இருந்திருக்கு. ஆத்துக்காரி காலுக்குத் தேய்க்கிறது."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வரைவின் பக்கங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"தெரியும் சார்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாளே. நீங்க அந்த ரூமுக்குள்ள வந்து நின்னாலே அடிக்கும். எங்கப்பா முதுகுக்கும் அதே தைலந்தான்."

"அப்போ கமிட்டியில ஏன் வாயே தொறக்கலை?"

கேட்டு முடிப்பதற்குள் அது நான் கேட்கக்கூடிய கேள்வி இல்லை என்று தெரிந்தது. அவர் பதில் சொன்னார்.

"அதான் கேட்டேம்லா சார், கையக் கழுவிட்டியளான்னு. என்ன சொன்னிய? எல்லாவனும் சிரிச்சான். அதுக்கு மேல எப்படிச் சொல்ல? ஆன்ட்டி கெடக்குற கெடையில, சார் கையில நாத்தம் அடிக்குன்னு கமிட்டியில எந்திரிச்சு நின்னு சொல்லணுமா? அதுவும் நான்?"

கடைசி இரண்டு சொற்களை அவர் அழுத்தவில்லை. மற்றவற்றைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார், இம்முறை இலேசாகச் சிரித்துக்கொண்டு.

"சின்னக் குட்டியா இருந்தா, வலி குடுத்த கைகிட்டயேதான் திரும்பப் போவும்னு நீங்கதான சார் கிளாஸ் எடுப்பிய? எனக்கு அஞ்சு வருசம் ஆயிருக்கு. இப்பதான் கண்ணு தொறக்கு."

வேடிக்கைக்குச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு இடம் விட்டே சொன்னார். நான் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

பிறகு அவர் பேனாவை எடுத்தார். அந்தக் குட்டிகள் தப்புப் பண்ணவில்லை, எது சேர்ந்து வந்ததோ அதைச் சேர்த்துப் படித்திருக்கின்றன, அதை எதற்குத் தூக்கி எறிய வேண்டும் என்றார். தடவியவருக்கே தெரியாத அளவு மெல்லிய வாசனையைச் சிறு குட்டி பிடித்துக்கொள்கிறது, வளர்ந்த குட்டி பிடித்துக்கொள்ளவில்லை. இது தனி அத்தியாயம் என்றார். அவர் சொன்னது சரி. நான் இரண்டு மாதம் குற்றம் என்று பார்த்த எண்களை அவர் தொடக்கத்திலிருந்தே விளைவு என்று பார்த்திருக்கிறார்.

அதற்கு விவரங்கள் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். எந்தத் தைலம், எந்தக் கை, கழுவிய சோப்பு எது. நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

"எவ்வளவு நேரம் தேய்ப்பிய?"

"அவ தூங்கற வரைக்கும்."

பேனா நின்றது. "அத எப்படி சார் எழுத?"

"கணக்கு வெச்சுக்கலை" என்றேன்.

"சரி, அத விட்டுருவோம்" என்றார். அதனால்தான் பின்னிணைப்பில் அது இல்லை.

நவம்பரில் குழுவை மீண்டும் கூட்டச் சொன்னேன். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். என் மீது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் போயிருந்தேன். யாரும் கோபப்படவில்லை. தலைவர் மனைவியின் மறைவுக்கு முதலில் வருத்தம் தெரிவித்தார். வெளி உறுப்பினர், இனி உங்கள் எலிகளுக்கு மூட்டுவலியே வராது என்றார். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். இத்தனை வயதில் இப்படி ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய பண்பு என்று ஒருவர் சொன்னார். தேநீர் வந்தது. இசக்கியின் பதிவு நீட்டிக்கப்பட்டது, புதிய அத்தியாயம் பாராட்டப்பட்டது. ஆகஸ்ட் குறிப்பைத் திருத்தும்படி கேட்டேன். ஏற்கப்பட்ட குறிப்பைத் திருத்த வழியில்லை, வேண்டுமானால் ஒரு விளக்கக் கடிதத்தை இணைக்கலாம் என்றார்கள்.

அவர் செய்யாத பிழை அவர் பெயருக்கு எதிரே எழுத்தில் இருக்கிறது. நான் செய்த பிழை தேநீரோடு சொல்லப்படும் கதையாகிவிட்டது. உங்களில் சிலரும் அதைக் கேட்டிருப்பீர்கள். நான் ஓய்வுபெற்ற நாளில் மேடையில்கூட ஒருவர் சொன்னார், நானும் சிரித்தேன். இசக்கி நான்காவது வரிசையில் இருந்தார். வழக்கமாக மாணவர்கள் மாலை போட வருவார்கள். அவர் வரவில்லை. அவர் எனக்குச் செய்த மரியாதைகளிலேயே எனக்கு ஏற்றுக்கொள்ளக் கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

ஆய்வேடு இப்போது வேறொரு நெறியாளரின் பெயரில் போகிறது. அதை அவர் கேட்டார், நான் கையெழுத்திட்டேன். நியாயம் என்று பட்டதால் காரணம் கேட்கவில்லை.

செய்யாமல் விட்டவை:

விலங்கறைக் கதவில் இருக்கும் விதிகளை நெறியாளர்களுக்கும் பொருந்தும்படி மாற்றி எழுதுவது. தாள் இன்னும் பழையதேதான்.

முந்தைய ஆண்டுகளில் என் கையால் தடவப்பட்ட குட்டிகளின் முடிவுகளை மீண்டும் பார்ப்பது. அந்த ஆண்டுகளில் என் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் குறிப்பிலிருந்து கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லை நீக்கச் செய்வது. இரண்டு முறை எழுதினேன். இணைப்புக் கடிதம் போதும் என்று பதில் வந்தது.

இசக்கியிடம் மன்னிப்புக் கேட்பது. இதுவரை விளக்கம் மட்டுமே கொடுத்திருக்கிறேன்.